மருதிலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கண்டலிலை

கடலோர உவர்சேற்றில் வளரும் கண்டல் தாவரங்களின் இசைவாக்கங்கள் ஐந்தைச் சொல் என்றால், திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கிற எந்தப் பிள்ளையும் மூச்சு விடாமல் ஒப்புவிக்கும்: மூச்சுவேர், மிண்டிவேர், மரத்திலேயே முளைக்கும் வித்து, உப்புச் சுரப்பி, தடித்த புறத்தோல் (இலையின் மேலுள்ள மெழுகுப்படை). பட்டியலில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் கூர்ப்பும் (பரிணாமமும்) இல்லை. தடித்த புறத்தோல் அலரிக்கும் உண்டு, ஆலுக்கும் உண்டு. ஓர் இயல்பு உவர்நீருக்காகவே வந்தது என்று சொல்வதற்கு, அதே குடும்பத்தில் உவர்நீரைக் காணாத உறவுத் தாவரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நம்முடைய நோட்ஸ்களில் அந்த இரண்டாவது தாவரம் வருவதே இல்லை.

இந்த ஒப்பீட்டை உலக அளவில் செய்த ஆய்வொன்று 2025ஆம் ஆண்டு ‘கரன்ட் பயோலொஜி’ சஞ்சிகையில் வந்தது. சீனாவின் குவோ-ஃபெங் ஜியாங், அமெரிக்காவின் அடம் ரொடி ஆகியோரும் கூட்டாளிகளும் செய்தது. 17 குடும்பங்களைச் சேர்ந்த 34 கண்டல் இனங்களின் இலைகளை, அவற்றின் உள்நாட்டு உறவினங்களின் இலைகளோடு ஒப்பிட்டார்கள். கண்டல் என்பது ஒரு குடும்பம் அல்ல, ஒரு வாழ்க்கை முறை. கடந்த 20 கோடி ஆண்டுகளில் ஏறத்தாழ 30 தடவை தனித்தனியாகத் தோன்றியது. அவ்வளவு தடவையும் திரும்பத் திரும்ப வந்திருப்பது எது என்று தேடினால் கிடைத்தது மிகச் சாதாரணமான ஒன்று: கண்டல் இலைகளின் மேற்றோற் கலங்கள் (இலையின் வெளிப்படையான தோலை ஆக்கும் கலங்கள்) சிறியவை, அவற்றின் சுவர்கள் தடித்தவை. எல்லோரும் எதிர்பார்த்த இலைவாய்களில் அப்படி ஒரு பொதுப்போக்கு தெரியவில்லை. உறவினங்களை விடக் கண்டல்களின் இலைவாய்கள் சிறியவையாகவோ எண்ணிக்கையில் கூடியவையாகவோ இல்லை.

இதில் ஆசிரியர்களுக்கு இரண்டு லாபம். ஒன்று, ஒருங்கும் கூர்ப்புக்கு (நெருங்கிய உறவில்லாத இனங்கள் தனித்தனியே ஒரே இயல்பை அடைவதற்கு) சுறாவையும் ஓங்கிலையும் தவிர வேறு உதாரணம் கிடைக்கிறது, அதுவும் கிண்ணியாவுக்குப் போகிற பஸ்ஸின் யன்னலால் தெரிகிற உதாரணம். இரண்டு, அதன் பாதியைப் பாடசாலை நுணுக்குக்காட்டியாலேயே சோதிக்கலாம். சுவர்த் தடிப்பை நம்மால் அளக்க முடியாது. அது ஒளி நுணுக்குக்காட்டியின் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் அளவு. கலத்தின் பருமனை அளக்கலாம்.

அளப்பதற்கு முன் காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் எண்ணும் வேலையாகிவிடும். கடல்நீரின் நீரழுத்தம் (நீர் எவ்வளவு எளிதாக வெளியேறும் என்பதன் அளவு, குறையக் குறைய நீரை இழுப்பது கடினம்) கிட்டத்தட்ட −2.5 மெகா பாஸ்கல். ஒரு கார் ரயரில் இருக்கும் அமுக்கத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு, எதிர்த்திசையில். அதிலிருந்து நீரை இழுக்க வேண்டுமானால் இலையின் நீரழுத்தம் அதற்கும் கீழே போக வேண்டும். அதற்காகக் கலத்துக்குள் கரையங்கள் குவிகின்றன. வறண்ட கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடியில் நிலைமை அப்படி. கார்த்திகை, மார்கழியில் மகாவலி பெருகிக் கொட்டியாரக் குடாவை நன்னீராக்கும்போது அதே கலத்துக்குள் நீர் பாயும், வீக்க அமுக்கம் ஏறும். சுவரில் விழும் இழுவை, அமுக்கத்தைக் கலத்தின் ஆரையால் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தால் வருவதற்கு நேர்விகிதம். ஆரை குறைந்து தடிப்புக் கூடினால் இழுவை குறையும். பெரிய பலூனை விடச் சின்னப் பலூனை ஊத ஏன் கூடுதல் மூச்சு வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகளே பாதியைச் சொல்லிவிடுவார்கள்.

சோடிகளைத் தேர்வதில்தான் ஆசிரியரின் தாவரவியல் வெளிப்படும். தீப்பரத்தைக்கு மருது: இரண்டும் கொம்பிரேற்றேசியே குடும்பம். தீப்பரத்தை களப்பின் உள்விளிம்பில் நிற்கும். மருது கந்தளாய், தம்பலகாமம் வாய்க்கால் ஓரங்களில் தாராளம். இரண்டும் மரங்கள் என்பதால் இதுவே மிகச் சிறந்த சோடி. கண்ணாவுக்கு ஆடாதோடை: இரண்டும் அகாந்தேசியே. ஒன்று மரம், மற்றது செடி என்ற குறையைப் பிள்ளைகளே எழுதட்டும். பூவரசுக்குச் செவ்வரத்தை: மல்வேசியே. பூவரசு உண்மைக் கண்டல் அல்ல, கரையோரத் துணைத் தாவரம். அதனால் இங்கே வேறுபாடு சிறிதாக வந்தாலும் அதுவும் ஒரு செய்தி. தில்லைக்கு ஆமணக்கு பொருந்தும், இயூபோபியேசியே. ஆனால் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், தோலில் கொப்புளம் போடும். அதை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். ஆசிரியர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பறித்து, பால் வடிந்து நிற்கும்வரை நீரில் போட்டுவைத்து, பிறகு தானே படியெடுப்பது, அதாவது இலைப்பரப்பின் அச்சை எடுப்பது, நல்லது.

வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் படம் கீறுகிற கண்டலுக்கே, அதாவது ரைசோபோராவுக்கே, பக்கத்தில் சோடி இல்லை. அதே குடும்பத்தின் உள்நாட்டு மரமான கரல்லியாவைத் தேடினால் ஈரவலயத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பதிலாக ரைசோபோரேசியேயின் சகோதரக் குடும்பமான எரித்ரொக்சைலேசியேயை எடுக்கலாம். அதில் வரும் செம்புளிச்சான் நம்முடைய உலர்வலயக் காட்டுச் செடி. உறவு ஒரு படி தூரம், அவ்வளவுதான்.

இலை பறிப்பதிலேயே பாதிப் பேர் பிழை விடுவார்கள். நுனியில் இருக்கும் இளம் இலையில் கலங்கள் இன்னும் விரியவில்லை. அதை எடுத்தால் எந்தத் தாவரமும் சிறுகலத் தாவரமாகத் தெரியும். நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது அல்லது நான்காவது கணுவில் உள்ள, முழுதாக விரிந்த, வெயில் படும் பக்கத்து இலை. நிழலிலை வேறு, வெயிலிலை வேறு, ஒரே மரத்தில்கூட. சோடியின் இரண்டு தாவரத்தையும் ஒரே பருவத்தில் பறிக்க வேண்டும். மாரியில் விரிந்த மருதிலையைக் கோடையில் விரிந்த தீப்பரத்தையோடு ஒப்பிட்டால் அளப்பது உறவையா பருவத்தையா என்று தெரியாது. ஓர் இனத்துக்கு 3 மரம், மரத்துக்கு 5 இலை போதும். ஈரத் துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டால் அன்று முழுதும் வாடாது. கண்டல்கள் பாதுகாக்கப்பட்டவை. இலங்கை 2015இல் தன் கண்டற்காடுகள் முழுவதையும் பாதுகாப்பதாக அறிவித்தது. ஆகவே வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அதிபர் மூலம் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி பெற்றபின் போங்கள். கொப்பு முறிக்கத் தேவையில்லை, இலைகள் மட்டும் போதும்.

படியெடுக்கிற வேலைக்குச் செலவு குறைவு. நிறமில்லாத கியூடெக்ஸ் (நகப்பூச்சு) ஒரு போத்தல், அகலமான தெளிந்த செலோடேப், வழுக்கிகள் (நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகடுகள்). முதலில் இலையை நீரில் கழுவி ஒற்றி முழுதாக உலர்த்த வேண்டும். கண்டலிலையில் உப்புப் பளிங்கு இருந்தால் படியில் அதுதான் பதியும், கலம் பதியாது. நடுநரம்புக்கும் விளிம்புக்கும் இடையில் நரம்பு குறைந்த இடத்தில், ஒரு சதுர சென்ரிமீற்றரில், ஒரே இழுப்பில் மெல்லிய பூச்சு. இரண்டாம் முறை தூரிகையைக் கொண்டுபோகக் கூடாது. தடித்தால் உள்ளே குமிழ் நிற்கும், உரிக்கும்போது வளையும். பத்து நிமிடம் காய விடுங்கள். மழைக்காலத்தில் இருபது. பிறகு டேப்பை ஒட்டி, விரல் நகத்தால் மெதுவாகத் தேய்த்து, ஒரு மூலையிலிருந்து உரித்து, அப்படியே வழுக்கியில் ஒட்டுங்கள். நீரும் மூடித்துண்டும் வேண்டாம்.

பார்க்கும்போது “சேர், ஒன்றும் தெரியவில்லை” என்ற குரல் கட்டாயம் வரும். பெரும்பாலும் காரணம் வெளிச்சம் கூடியது. படிக்கு நிறமில்லை, விளிம்புகளின் நிழல்தான் தெரிய வேண்டும். மேடைக்குக் கீழே உள்ள துவாரத்தைச் சுருக்கினால் கலங்கள் எழும்பி நிற்கும். அப்படியும் தெரியாவிட்டால் எந்த இலை என்று பாருங்கள். கண்ணாவின் கீழ்ப்பக்கம் முழுவதும் நுண்மயிர் அடர்ந்தது. கியூடெக்ஸ் மயிரின் மேல் நிற்குமே தவிர மேற்றோலைத் தொடாது. படியில் காணும் உருண்டைகளைக் கலம் என்று எண்ணிவிடுவது வழக்கமான பிழை. அந்த இலைக்கு மேற்பக்கத்தை எடுக்க வேண்டும். உண்மையில் எல்லா இலைக்குமே மேற்பக்கத்தை எடுப்பது புத்தி. இலைவாய் பெரும்பாலும் கீழே இருப்பதால் மேலே எண்ணுவது சுத்தமாக வரும். தீப்பரத்தை இதற்கு விதிவிலக்கு, அதற்கு இரு பக்கமும் இலைவாய் உண்டு. காவற்கலங்களை எண்ணாமல் விடுங்கள்.

ரைசோபோராவின் மேற்பக்கத்தில் இன்னொரு தொல்லை. புறத்தோல் அவ்வளவு தடிப்பும் மழமழப்புமாக இருப்பதால் கலச்சுவரின் தடம் மேலே வராது, படி வெறுமையாகவே வரும். அதற்கு வெளுப்புநீர் முறை வேண்டும். 5 மில்லிமீற்றர் சதுரமாக வெட்டிய துண்டை, சோடியம் ஹைப்போகுளோரைற்று 5 சதவீதமளவில் உள்ள வீட்டு வெளுப்புநீரில் ஊறவிடுங்கள். மெல்லிய இலை சில மணி நேரத்தில் வெளுக்கும். ரைசோபோராவுக்கு ஒன்றிரண்டு நாளாகலாம். வெளுத்ததும் நீரில் பலமுறை அலசி, மெல்லிய தூரிகையால் உள்ளிழையத்தைத் தட்டி அகற்றினால் மேற்றோல் ஒரு தாள்போல மிஞ்சும். சஃப்ரனின் சாயத்தில் ஒரு நிமிடம், மீண்டும் நீர், மூடித்துண்டு. அவசரத்தில் வெளுப்புநீரோடு வினாகிரியையோ வேறு அமிலத்தையோ கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். ஊறும் முகவை யன்னலோரம் இருக்கட்டும். துண்டை நேரத்துக்கு எடுக்க மறந்தால் மேற்றோலும் கரைந்து கூழாகிவிடும். காலை, மாலை ஒருமுறை பாருங்கள். ஒரு சோடியில் ஓர் இலைக்கு இந்த முறை என்றால் மற்றதற்கும் இதே முறைதான்.

இனி எண்ணுவது. பார்வைத்துண்டில் 10 மடங்கோடு 18 என்ற புல எண் எழுதியிருந்தால், 4 மடங்குப் பொருள்வில்லையில் பார்வைப்புலத்தின் விட்டம் 18ஐ 4ஆல் வகுத்த 4.5 மில்லிமீற்றர். எண் எழுதியிராவிட்டால் தெளிந்த அடிமட்டத்தை மேடையில் வைத்து நேரே அளந்துவிடுங்கள். 40 மடங்கில் அது பத்திலொன்றாகி 0.45 மில்லிமீற்றர், பரப்பு 0.159 சதுர மில்லிமீற்றர், அதாவது 159,000 சதுர மைக்குரோமீற்றர். அந்தப் புலத்தில் 120 கலம் இருந்தால் ஒரு கலத்தின் சராசரிப் பரப்பு 1325 சதுர மைக்குரோமீற்றர். 60 இருந்தால் 2650. இவை கணக்கு விளங்குவதற்கான எண்கள், எந்த மரத்துடையவையும் அல்ல.

விளிம்பில் வெட்டுப்படும் கலங்கள் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் முடிவையே புரட்டும். 120 கலம் கொள்ளும் புலத்தின் வட்டக்கோட்டில் நாற்பதளவு கலங்கள் வெட்டுப்படும். எல்லாவற்றையும் எண்ணினால் இருபதளவு மிகை, ஏறத்தாழ 17 சதவீதம். 60 கலம் கொள்ளும் புலத்தில் வெட்டுப்படுவது 28 அளவு, மிகை 14, அது 23 சதவீதம். அதாவது பெரிய கலத் தாவரத்தில் பிழை கூடுதலாக விழுந்து, அதன் கலத்தைச் சிறிதாக்கிக் காட்டும். நாம் தேடும் வேறுபாடே சுருங்கிப் போகும். வலப்பக்க அரைவட்டத்தில் வெட்டுப்படுவதை எண்ணு, இடப்பக்கத்தை விடு என்று ஒரே விதியை எல்லோரும் பிடித்தால் இந்தத் தொல்லை தீரும். போனைப் பார்வைத்துண்டில் வைத்துப் படமெடுத்து, பெரிதாக்கிப் புள்ளி வைத்து எண்ணுவது இன்னும் நல்லது. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, பத்துச் சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எண்ணட்டும்.

இலைக்கு 3 புலம் என்றால் ஓர் இனத்துக்கு 45 எண்கள் கையில் இருக்கும். உடனே மாதிரி 45 என்று எழுதுவார்கள். அப்படியல்ல. ஒரே இலையின் மூன்று புலமும் ஒரே இலைதான், ஒரே மரத்தின் ஐந்து இலையும் ஒரே மரம்தான். இன ஒப்பீட்டுக்கு மாதிரி 3 மரம். கூர்ப்புக் கேள்விக்கு வந்தால் அதுவும் போய்விடும்: அங்கே ஒரு சோடி என்பது ஒரே ஒரு தரவு. தீப்பரத்தையின் மூதாதை உவர்நீருக்கு வந்தது ஒரு நிகழ்ச்சி, கண்ணாவினுடையது இன்னொன்று. ஆயிரம் கண்ணா இலையை எண்ணினாலும் அது ஒரே நிகழ்ச்சி. நாணயத்தைச் சுண்டுவது போலக் கணக்குப் போடலாம். திசையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு 4 சோடி பார்த்து நான்கும் அதே பக்கம் விழுந்தால், தற்செயலாக அப்படி நடக்கும் வாய்ப்பு 16இல் 1. ஐந்தும் விழுந்தால் 32இல் 1. இதற்காகவே செம்புளிச்சானைத் தேடி அலைவது வீண்வேலை அல்ல.

சோடியில் ஒன்று எதிர்ப்பக்கம் விழுந்தால் அறிக்கையிலிருந்து அதை நீக்கச் சொல்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செயன்முறைப் புத்தகம் அழகாக இருக்கும், அறிவியல் இருக்காது.

நேரம் மிஞ்சினால் கீழ்ப்பக்க இலைவாய்களையும் எண்ணிப் பாருங்கள். சோடிகளுக்கிடையே ஒரே திசையில் வேறுபாடு வராவிட்டால் மனம் சோர வேண்டாம், 2025 ஆய்விலும் அதுதான் வந்தது.

இதே கண்ணோடு மற்ற இசைவாக்கங்களைப் பார்த்தாலும் பட்டியல் கலையத் தொடங்கும். “கண்டல்கள் மரத்திலேயே முளைக்கும்” என்பது ரைசோபோரா, புரூகுவேரா, செரியொப்ஸ் ஆகியவற்றுக்குச் சரி. கண்ணாவில் முளையம் வித்துறையை உடைத்தாலும் பழத்தோலை உடைக்காது, மறைவாகவே முளைத்திருக்கும். தீப்பரத்தையிலும் தில்லையிலும் அதுவும் இல்லை, வித்து வித்தாகவே விழும். எனவே உவர்நீரில் வாழ அது கட்டாயம் அல்ல, அங்கே போகும் பல வழிகளில் ஒன்று. அதன் உடற்றொழிலைப் பற்றி ஃபார்ன்ஸ்வொர்த், ஃபரான்ட் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும். வித்தை உறங்க வைக்கும் ஒமோனான அப்சிசிக் அமிலம், மரத்திலேயே முளைக்கும் கண்டல்களின் முளையத்தில், அப்படி முளைக்காத உறவினங்களை விடக் குறைவு என்று காட்டினார்கள். அங்கேயும் ஒப்பிட்டது உறவினத்தோடுதான்.

உப்பும் அப்படித்தான். கண்ணாவுக்குச் சுரப்பி உண்டு. ரைசோபோரா பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும், இலையில் சுரப்பி தேடினால் கிடைக்காது. தீப்பரத்தை சதைப்பற்றான இலையில் நீரோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். இதைக் காட்ட மாலையில் மரத்திலேயே கண்ணா, ரைசோபோரா இரண்டின் இலைகளையும் காய்ச்சி வடித்த நீரால் கழுவித் துடைத்துப் பொலித்தீன் பையால் மூடுங்கள். மூடாவிட்டால் கடற்காற்றின் உப்பு வந்து படிந்து ரைசோபோராவுக்கும் சுரப்பி இருப்பதாகக் காட்டும். மறுநாள் காலை ஒவ்வோர் இலையையும் 20 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஐதான நைத்திரிக் அமிலம் இரண்டு துளி, 1 சதவீத வெள்ளி நைத்திரேற்று சில துளி. கண்ணாவின் நீர், அதில் கரைந்த உப்பின் குளோரைட்டால், பால்போல வெளுக்கும். குழாய்நீரில் செய்தால் அதிலுள்ள குளோரைட்டே வெளுப்பைக் கொடுத்துவிடும். இலை படாத நீரையும் ஒரு சோதனைக்குழாயில் கட்டுப்பாடாக வையுங்கள். வெள்ளி நைத்திரேற்று கையைக் கறுப்பாக்கும், ஒரு கிழமைக்குப் போகாது.

பரம்பரையலகுப் பக்கம் பேச விரும்புகிறவர்களுக்கு: ரைசோபோராக் கூட்டத்தின் மூதாதையில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் முழுப் பரம்பரைத்தொகுதியும் (ஜீனோமும்) இரட்டித்தது. பிறகு புவி மிகவும் வெப்பமாக இருந்த, 5 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முற்பட்ட காலத்தில் அந்தக் கூட்டம் அலையிடை மண்ணுக்கு வந்தது என்று 2017இல் வெளியான பரம்பரைத்தொகுதி ஆய்வு காட்டியது. வெவ்வேறு கண்டற் கூட்டங்கள் இடம்மாறும் டிஎன்ஏ துண்டுகளைத் தனித்தனியே குறைத்துக்கொண்டன என்று அடுத்த ஆண்டில் இன்னோர் ஆய்வு. பரம்பரைத்தொகுதி பெரிதானால் கலமும் பெரிதாவது தாவரங்களில் பொதுவான போக்கு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, சிறிய கலத்துக்கும் இதற்கும் தொடர்பிருக்குமா, அதை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டால் ஒரு நல்ல கட்டமைப்பு வினா கிடைக்கும்.

வகுப்பில் மரத்தைப் பட்டியலாகப் படித்தால் வெளியே என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் நட்ட கண்டல்களைப் பின்தொடர்ந்து கொடிகாரவும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 23 தளங்களில் 9இல் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. ரைசோபோராவின் நீண்ட முளை கைக்கு எளிது, குத்திவிட்டால் நட்டதாகிவிடும். அது எந்த மட்டத்தில் எத்தனை நேரம் நீருக்குள் நிற்க வேண்டும் என்பதைப் பார்க்காமல் குத்தினால் செத்துப்போகும். நம் பக்கத்தில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. முன்னால் ரைசோபோரா, பின்னால் கண்ணா என்று பாடநூலில் கீறிய வலயப்படம் கிண்ணியாவிலும் உப்பாற்றிலும் அப்படியே விழாது. அரையடி உயர வித்தியாசமே இனத்தை மாற்றிவிடும்.

படிகளை எறிய வேண்டாம். செலோடேப் வழுக்கிகள் கடித உறைக்குள் நிழலில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் அதே தெளிவோடு இருக்கும். ஒவ்வொன்றிலும் இனம், மர இலக்கம், நுனியிலிருந்து எத்தனையாவது இலை, மேற்பக்கமா கீழ்ப்பக்கமா, பறித்த திகதி எல்லாவற்றையும் பென்சிலால் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மை பேனை எழுத்து ஈரத்தில் பரவிவிடும். பக்கம் எழுதாத படி எதற்கும் உதவாது. எழுதியிருந்தால் அடுத்த வகுப்பு இன்னோர் இலை பறிக்காமலே அதே புலத்தை எண்ணி உங்கள் எண்ணைச் சரிபார்க்கும்.